குடியேறிகளின் பிள்ளைகளுக்காகத் திறந்த கதவு

தொண்டூழியம் என்றதும் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது பண்டிகைக் காலப் பரிசுக்கூடையும் வார இறுதித் துணைப்பாட வகுப்பும்தான். இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால், கொடுப்பவர் தாம் நினைத்ததைக் கொடுப்பது வேறு. பெறுபவரின் நிலையை அறிந்து கொடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு தொண்டு இல்லம் படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இருக்கிறது. அந்த இல்லத்திற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் குடியேறிகளின் பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும் ஆவர்.

இலண்டனில் கண்ட காட்சி

ஜேன் ஆடம்ஸ் 1860ஆம் ஆண்டு இலினோய் மாநிலத்தின் சீடர்வில் எனும் சிற்றூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆலை உரிமையாளர். மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். கல்லூரிப் படிப்பை முடித்த ஜேன், மருத்துவம் படிக்கத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் அதை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. படித்த படிப்பைக் கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் சில ஆண்டுகள் கழிந்தன.

1883இல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை வாங்க ஏழைகள் முண்டியடித்துக் கைகளை நீட்டினார்கள். ஏலத்தில் ஒரு முட்டைக்கோஸை வாங்கிய மனிதர், கழுவாமலும் சமைக்காமலும் அங்கேயே உட்கார்ந்து கடித்துத் தின்றார். காற்றில் நீண்ட அந்தக் கைகளை ஜேனால் வாழ்நாள் முழுவதும் மறக்க முடியவில்லை.

1888இல் அவர் மீண்டும் இலண்டனுக்குப் போனார். அங்கே டாயின்பீ ஹால் என்ற இல்லம் இருந்தது. சாமுவேல் பார்னெட் எனும் பாதிரியாரும் அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் 1884இல் தொடங்கிய இல்லம் அது. பல்கலைக்கழக இளையர்கள் ஏழைகள் வாழும் வட்டாரத்திலேயே குடியிருந்து, அண்டை வீட்டாராகப் பழகி, மாலை வகுப்புகள் நடத்தினார்கள். ஊர் திரும்பிய ஜேன், தம் கல்லூரித் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து சிக்காகோவில் இத்தகைய இல்லம் ஒன்றைத் தொடங்க முனைந்தார்.

அன்றைய சிக்காகோ

1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிக்காகோவில் சுமார் 1.1 மில்லியன் மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்துக்காரர், பொஹிமியர், இரஷ்யாவிலிருந்து வந்த யூதர் எனப் பல இனத்தவர் இறைச்சிக் கூடங்களிலும் தையல் கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தார்கள். நெருக்கமான மரக் குடியிருப்புகளில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே அடங்கியிருந்தது.

ஹால்ஸ்டெட் சாலையில், ஒரு மதுக்கடைக்கும் ஈமச்சடங்கு நிலையத்திற்கும் நடுவே, சார்ல்ஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய பழைய வீடு இருந்தது. 1889 செப்டம்பர் 18ஆம் தேதி ஜேனும் எலனும் அங்குக் குடிபுகுந்தார்கள். கட்டியவர் பெயரால் அது ‘ஹல் ஹவுஸ்’ என்றே அழைக்கப்பட்டது.

தொடக்கத்தில் அவர்கள் அண்டை வீட்டாருக்கு வழங்கியது இலக்கியம். ஆங்கில நாவல் ஒன்றை வாசித்துக் காட்டும் வகுப்புதான் முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று. விரைவிலேயே வரவேற்பறையில் பாலர் பள்ளி ஒன்றும் தொடங்கியது. ஜென்னி டவ் என்ற இளம்பெண் சம்பளம் வாங்காமல் அதை நடத்தினார்.

அந்த வட்டாரத்திற்கு உண்மையில் என்ன தேவை என்பது அதன் பிறகே ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். உடல் ஊனமுற்ற மூன்று குழந்தைகளை இல்லத்தார் கண்டார்கள். ஒரு குழந்தை மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்தது. மற்றொன்று தீக்காயம் பட்டது. மூன்றாவது குழந்தை மூன்று ஆண்டுகளாகப் பகல் முழுவதும் சமையலறை மேசைக் காலில் கட்டி வைக்கப்பட்டு முதுகு வளைந்துபோனது. நண்பகலில் அண்ணன் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்து அவிழ்த்துவிடும் சிறிது நேரம்தான் அதற்கு விடுதலை. அந்தத் தாய்மார்கள் கல்நெஞ்சக்காரிகள் அல்லர். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது. இதை அறிந்த பிறகு ஹல் ஹவுஸில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது.

மிட்டாய் வேண்டாம் என்ற சிறுமியர்

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வட்டாரப் பிள்ளைகள் அழைக்கப்பட்டார்கள். அனைவருக்கும் மிட்டாய் வழங்கப்பட்டது. சில சிறுமியர் மட்டும் வாங்க மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டபோதுதான் அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் என்பது தெரிந்தது. பண்டிகை விற்பனைக்காக ஆறு வாரங்கள், காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை உழைத்திருந்தார்கள். மிட்டாயைக் கண்ணால் பார்க்கவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நல்ல மனத்தோடு கொடுத்த பரிசுதான். ஆனால், அந்தச் சிறுமியரின் களைப்பை அறியாமல் கொடுத்த பரிசு.

அதே குளிர்காலத்தில் மற்றொரு துயரம் நேர்ந்தது. ஹல் ஹவுஸ் சிறுவர் மன்றத்தைச் சேர்ந்த மூவர், அருகிலிருந்த தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்துக் காயமடைந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன் இறந்துபோனான். சில வெள்ளி செலவில் ஒரு தடுப்பு பொருத்தியிருந்தால் போதும், மூவரும் தப்பியிருப்பார்கள். முதலாளிகள் வருந்துவார்கள், உடனே சரிசெய்வார்கள் என்று இல்லத்தார் நம்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கோரமாட்டோம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கியிருந்தார்கள்.

மாலையில் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, காலையில் அதே சிறுவனை ஆபத்தான இயந்திரத்திடம் அனுப்பி வைப்பது எப்படித் தொண்டாகும்? இந்தக் கேள்வியிலிருந்து ஹல் ஹவுஸின் பாதை மாறியது.

வகுப்பறையிலிருந்து சட்டமன்றத்திற்கு

1891ஆம் ஆண்டு இறுதியில் புளோரன்ஸ் கெல்லி தம் மூன்று பிள்ளைகளோடு சிக்காகோ வந்து ஹல் ஹவுஸில் சேர்ந்தார். அவர் வீடு வீடாகச் சென்று தையல் கூடங்களின் நிலையை ஆராய்ந்தார். 1893இல் இலினோய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வைப்பதை அது தடைசெய்தது. பெண்களின் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என வரையறுத்தது. முதல் தலைமை ஆய்வாளர் கெல்லிதான். இரண்டே ஆண்டுகளில் மாநில உச்ச நீதிமன்றம் 8 மணி நேர விதியைச் செல்லாததாக்கியது. ஆனாலும், எடுத்து வைத்த அடி பின்வாங்கவில்லை.

1895இல் இல்லத்தார் வெளியிட்ட ஆய்வு நூலில் வண்ண வரைபடங்கள் இருந்தன. எந்தத் தெருவில் எந்த நாட்டவர் வாழ்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று அவை வீடுவாரியாகக் காட்டின. அந்தச் சிறிய வட்டாரத்தில் மட்டும் 18 இனத்தவர் வாழ்ந்தார்கள். தெருக்களில் குப்பை அள்ளப்படாமல் நோய் பரவியதால், அதே ஆண்டில் ஜேன் ஆடம்ஸே வட்டாரக் குப்பை ஆய்வாளர் பொறுப்பை ஏற்றார். விடியற்காலை 6 மணிக்கு எழுந்து குப்பை வண்டியின் பின்னால் போனார்.

1899இல் குக் மாவட்டத்தில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தது. அதுவரை தவறு செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்தே சிறையில் அடைத்தார்கள். இந்த மாற்றத்திற்காகப் பாடுபட்டவர்களில் ஹல் ஹவுஸைச் சேர்ந்த ஜூலியா லாத்ரோப்பும் ஒருவர். சிறுவர்களைக் கண்காணித்து வழிநடத்தும் அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. தொண்டூழியர்கள் பணம் திரட்டினார்கள். அந்தப் பணியில் முதலில் அமர்ந்தவரும் ஹல் ஹவுஸில் வாழ்ந்த அல்சினா ஸ்டீவன்ஸ் என்பவரே.

பிடிக்காத உணவு

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதாக எண்ணிவிடக் கூடாது. தையல் கூடங்களில் உழைக்கும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை என்று கண்ட இல்லத்தார், 1893இல் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். குறைந்த விலை, சத்துக் கணக்குப் பார்த்துச் சமைத்த உணவு. எதிர்பார்த்த அளவுக்கு வாங்க ஆளில்லை. சத்தாக இருக்கலாம், ஆனால் தனக்குப் பிடித்ததைத்தான் தான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண்மணி வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நாட்டவருக்கும் ஒவ்வொரு நாக்கு உண்டு என்பதைச் சமையற்கூடத்தார் மறந்துவிட்டார்கள். அதன் அருகிலேயே திறந்த காப்பிக் கடைக்குக் கூட்டம் வந்தது. உட்கார்ந்து பேச அங்கே இடம் கிடைத்தது.

ஆண் பிள்ளைகளுக்கான மன்றம், உடற்பயிற்சிக் கூடம், இசைப்பள்ளி, நாடக அரங்கு என்று இல்லம் வளர்ந்து 13 கட்டடங்களானது. நகரின் முதல் பொது விளையாட்டுத் திடலும் அங்குதான் அமைந்தது. யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்து, ஹல் ஹவுஸ் சிறுவர் இசைக்குழுவில் வாசித்த பென்னி குட்மன், பின்னாளில் ஜாஸ் இசையில் உலகப் புகழ் பெற்றார்.

தாயும் மகளும் வந்த வாசல்

இவை அனைத்திலும் ஜேன் ஆடம்ஸை அதிகம் வருத்தியது வேறொன்று. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று ஆங்கிலம் கற்றார்கள். அமெரிக்கப் பழக்கவழக்கங்களும் ஒட்டிக்கொண்டன. வீட்டில் பெற்றோர் பழைய மொழியும் பழைய உடையுமாக இருந்தார்கள். கடைக்காரரிடம் பேசவும் கடிதம் படிக்கவும் பிள்ளையின் தயவு தேவைப்பட்டது. நாளடைவில் பிள்ளைகளுக்குப் பெற்றோர்மீது மதிப்புக் குறைந்தது.

இதற்கு வழி தேடி 1900இல் ஹல் ஹவுஸ் ‘தொழில் காட்சியகம்’ ஒன்றைத் தொடங்கியது. குடியேறிய தாய்மார்களும் தந்தையரும் தங்கள் நாட்டில் செய்த நூல் நூற்றல், நெசவு போன்ற கைத்தொழில்களை அங்கே செய்து காட்டினார்கள். பாடம் சொல்லும் இடத்தில் இப்போது பெற்றோர் நின்றார்கள்.

ஏஞ்சலினா என்ற இத்தாலியப் பெண்ணைப் பற்றி ஜேன் ஆடம்ஸ் எழுதியிருக்கிறார். தாய் காட்சியகத்தில் நூல் நூற்கும் அதே மாலையில்தான் மகளுக்குச் சமையல் வகுப்பு. இருவரும் ஒன்றாக வருவார்கள். ஆனால், தாயை முன்வாசலில் விட்டுவிட்டு மகள் பக்கவாசல் வழியாக நுழைவாள். தலையில் முக்காடும் காலில் முரட்டுக் காலணியுமாக வரும் அந்தப் பெண்தான் தன் தாய் என்பது தோழியருக்குத் தெரியக் கூடாதாம்.

ஒருநாள் மாலை, ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்கள் சிலர் தாயைச் சூழ்ந்து நின்று அவருடைய கைத்திறனை வியந்து பாராட்டினார்கள். மகள் அதைப் பார்த்தாள். கதிரில் நூல் நூற்பதில் அமெரிக்காவிலேயே தன் தாய்தான் சிறந்தவர்போலும் என்று அவளுக்குத் தோன்றியது. ஜேன் ஆடம்ஸிடம் அதுபற்றிக் கேட்டாள். தாய் பிறந்த கிராமத்தையும் அங்கே அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் ஜேன் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு, கட்டிலுக்கடியில் பெட்டியில் மறைத்து வைத்திருந்த தாயின் கைநெசவுத் துணிகள் வெளியே வந்தன. மகளும் தாய் வரும் வாசல் வழியாகவே வரத் தொடங்கினாள்.

விடுபட்டவர்களும் விட்டுச் சென்றதும்

1910 வாக்கில் அமெரிக்காவில் இத்தகைய சமூக இல்லங்கள் ஏறக்குறைய 400 இருந்தன. குறைகளும் இருந்தன. ஐரோப்பியக் குடியேறிகளுக்குக் கதவு திறந்த இல்லங்களில் பல, தென் மாநிலங்களிலிருந்து அதே நகரங்களுக்கு வந்த கறுப்பினக் குடும்பங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. இந்த இயக்கத்தின் வரலாற்றைப் பேசும்போது இதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

ஜேன் ஆடம்ஸுக்கு 1931இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. 1935இல் அவர் காலமானார். 1960களில் சிக்காகோவில் இலினோய் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக அந்த வட்டாரம் இடிக்கப்பட்டது. மக்கள் போராடியும் பயனில்லை. 13 கட்டடங்களில் இரண்டு மட்டும் எஞ்சி, அரும்பொருளகமாக விளங்குகின்றன. தொண்டைத் தொடர்ந்து நடத்திய ஹல் ஹவுஸ் சங்கமும் நிதி நெருக்கடியால் 2012 ஜனவரியில் மூடப்பட்டது.

கட்டடம் இடிந்தாலும் அனுபவம் எஞ்சியிருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை குடியேற்றத்தில் தொடங்கியதுதான். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டியின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீடுகளிலிருந்து பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கும் இளையர்கள் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கட்டும். ஆண்டில் ஒருநாளாவது அந்தப் பாட்டியை வகுப்பிற்கு அழைத்து, விடியுமுன் எழுந்து மரத்தில் கத்தி வைத்த கதையைச் சொல்லச் சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.