வளைவின் மேலே நடந்தவர்கள்

குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகருக்குப் போகிறவர்கள் தவறாமல் எடுக்கும் படம் ஒன்று உண்டு. மஞ்சள் பூசிய வளைவு, வெள்ளைக் கரை, உச்சியில் கடிகாரக் கூண்டு, வளைவுக்குள் அடக்கி வைத்ததுபோலத் தெற்கே ஆகுவா எரிமலை. நானும் எடுத்தேன். மேகம் மூடுமுன் விடியலில் எழுந்துபோய், கல் பாவிய தெருவின் நடுவில் நின்று நாற்பது படங்கள். அறைக்கு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. எல்லாப் படத்திலும் நான் எடுத்திருந்தது வளைவுக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தை. அந்த வளைவு அடியில் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல, மேலே போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது.

சாந்தா கத்தலீனா கன்னியர் மடம் 1609-இல் தொடங்கியது. கன்னியர் தொகை பெருகி, மடம் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கும் பரவியது. இடையில் பொதுத்தெரு. அடைபட்ட மடத்துக் கன்னியர் தெருவில் கால் வைக்கக்கூடாது, ஊரார் கண்ணிலும் படக்கூடாது. எனவே 1690-களில் தெருவுக்கு மேலே சுவர்கள் மூடிய ஒரு நடை எழுப்பினார்கள். அதைத் தாங்கத்தான் வளைவு. கடிகாரம் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் படிதாண்டாப் பத்தினி என்று சொல்லிப் பழகியவர்கள். இங்கே படியைத் தாண்டாமலே தெருவைத் தாண்டக் கல்லாலும் சுண்ணாம்பாலும் வழி செய்திருக்கிறார்கள்.

படத்தில் அழகுக்காக நிற்கும் எரிமலைக்கும் ஒரு பெண்ணின் கதை உண்டு. இந்த நகரம் 1543-இல் இங்கே எழுவதற்கு முன், தலைநகரம் அந்த மலையடிவாரத்தில் இருந்தது. 1541-இல் கணவன் பெத்ரோ தெ அல்வராதோ இறந்த செய்தி வந்ததும் பெயாத்ரிஸ் தெ லா குவேவா ஆளுநர் பொறுப்பை ஏற்றாள். 'பாக்கியமற்றவள்' என்று கையெழுத்திட்டாள். ஓரிரு நாளில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளமும் சேறும் ஊரை மூடின. அவளும் அதில் போனாள். அவள் அளவுக்கு மீறி அழுது கடவுளை நொந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று எழுதி வைத்த வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவளுடைய கணவன் இந்த நிலத்து மக்களைக் கொன்று குவித்ததற்கு எந்த மலையும் பொங்கியதாக அவர்கள் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து வளைவை விட்டுவிட்டு வாசல்களைத் தேடிப் போனேன். நிலநடுக்கத்துக்கு அஞ்சிக் கட்டிய ஊர் இது. சுவர்கள் தடித்தவை, தூண்கள் குட்டையானவை. அப்படியும் 1773-இன் நிலநடுக்கம் பெரும்பகுதியைச் சாய்த்தது, தலைநகரமும் இடம் மாறியது. இடிபாடுகளில் கூரை போய்விட்டது, நிலைகள் நிற்கின்றன. வாசல்களைப் படமெடுக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது.

கப்புச்சீனாஸ் மடத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன். 1736-இல் கட்டி முடித்த மடம். மற்ற மடங்களில் சேர வரதட்சணை கட்டவேண்டும். கிறிஸ்துவுக்கு மணமகளாகப் போகிறவளுக்கும் அப்பன் பணம் எடுத்து வைக்கவேண்டும் என்பது நமக்குப் புரியாத கணக்கு இல்லை. மகளை மாப்பிள்ளைக்குக் கொடுப்பதைவிட மடத்துக்குக் கொடுப்பது பல வீடுகளுக்குச் சிக்கனமாகவும் இருந்தது. கப்புச்சீனாஸ் மடம் வரதட்சணை கேட்கவில்லை. ஆனால் அடைப்பு இங்கே மேலும் இறுக்கமானது.

இத்தகைய மடங்களில் வெளியுலகுக்கு இருந்த வாசல், சுவரில் பொருத்திய ஒரு சுழல்பெட்டி. வெளியே இருப்பவர் பொருளை வைத்துச் சுழற்றுவார், உள்ளே இருப்பவள் எடுத்துக்கொள்வாள். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். பேச வருகிற உறவினருக்குக் கம்பித் தடுப்பு. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் அடைப்பை மீண்டும் கட்டாயமாக்கியது. அந்த ஒரு தீர்மானம் கடல் கடந்து வந்து கொத்தனாரின் கையில் சுழல்பெட்டியாகவும் கம்பியாகவும் மேல்நடையாகவும் மாறியதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சட்டப் புத்தகத்தில் படித்திருந்தால் எனக்கு இவ்வளவு ஏறியிருக்காது.

மடம் ஒரு சிறை என்று எழுதி முடித்துவிடலாம்தான். பிள்ளைப்பேறும் கணவனும் இல்லாத, எழுதவும் பாடவும் நேரம் கிடைத்த இடம் என்று கொண்டாடுகிற எழுத்தும் நம்மிடம் உண்டு. எனக்கு இரண்டும் முழுசாக ஒப்பவில்லை. இந்த ஊரின் முதல் கன்னியர் மடமான லா கன்செப்சியோனில் ஹுவானா தெ மல்தொனாதோ இருந்தாள். நீதிபதியின் மகள், பாட்டும் கவிதையும் தெரிந்தவள். அவளைப் பற்றி நீட்டி எழுதியவர் தாமஸ் கேஜ் என்ற ஆங்கிலேயர். தொமினிக்கன் துறவியாக இங்கே வாழ்ந்து, பிறகு மதம் மாறி, 1648-இல் லண்டனில் புத்தகம் போட்டவர். அவளுக்குத் தனி மாளிகை, இசைக்கருவிகள், ஆயர் அவள்மேல் வைத்த பித்து என்று சுவைகூட்டி எழுதினார். கத்தோலிக்கரை இழித்துக்காட்ட வேண்டிய ஆளின் சாட்சி அது, பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிக்கவேண்டும். ஆனால் அதே பத்தியில், அவளுக்குப் பணிசெய்த கறுப்பினப் பெண்களும் போகிறபோக்கில் வருகிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை.

அவளுக்குத் தன் அறை இருந்தது. அந்த அறையைப் பெருக்கியவள் எந்த வாசலால் உள்ளே வந்தாள்? கறுப்பு முக்காடு ஸ்பானிய வம்சத்துப் பெண்களுக்கு. பூர்வகுடிப் பெண்கள் துறவற வாக்குக் கொடுத்துக் கன்னியராக முடியாத நிலைதான் நெடுங்காலம் இருந்தது. மெக்சிகோ நகரத்தில் பூர்வகுடிப் பிரபுக்களின் மகள்களுக்கென ஒரு மடம் திறந்ததே 1724-இல்தான். அடைபட்டிருப்பதும் ஒரு சாதி உரிமையாக இருந்திருக்கிறது. சந்தைக்கும் ஆற்றுக்கும் போகிறவளை யாரும் ஒளித்துவைக்க மெனக்கெடவில்லை. அவளுக்காக எவனும் தெருவுக்குமேல் பாலம் கட்டவில்லை.

சாந்தா கிளாரா மடத்தின் அருகே 19ஆம் நூற்றாண்டின் பொதுச் சலவைத் தொட்டி இருக்கிறது. அங்கேயும் வரிசையாக வளைவுகள். ஒவ்வொரு வளைவின் கீழும் பெண்கள் குனிந்து துணி துவைப்பதற்கான கல். அந்த வளைவுகளில் கடிகாரம் இல்லை, எரிமலைக்கு முன்னால் நிறுத்தி யாரும் பார்ப்பதுமில்லை. துவைகல்லின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். கைபட்டுக் கைபட்டு மழமழவென்று ஆகியிருந்தது. அதை நான்கு படம் எடுத்தேன்.

கடைசி நாள் மாலை மீண்டும் மஞ்சள் வளைவுக்குப் போனேன். மேல்நடையின் பக்கச்சுவரை எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். வளைவின் ஓரத்தில் கைத்தறித் துணிகளைத் தோளில் அடுக்கியபடி ஒரு மாயாப் பெண் நின்றிருந்தாள். அவளைக் குறிவைக்காமல்தான் கேமராவை உயர்த்தினேன், என்றாலும் அவள் சட்டத்துக்குள் வந்துவிட்டாள். சட்டென்று ஒரு துணியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். சிவப்பும் ஊதாவும் பறவைகளுமாக அது வளைவின் பாதியை மறைத்தது.

கேமராவை இறக்கினேன். அவளும் துணியை இறக்கினாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டேன். படத்துக்குத் தனியாகக் காசு, துணிக்குத் தனியாகக் காசு என்றாள். துணியின் விலையைக் கேட்டேன். சொன்னாள். பேரம் பேசாமல் இடுப்புக்கச்சை ஒன்றை வாங்கிக்கொண்டேன். 'படம்?' என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு, வளைவுக்கு அடியில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தை நோக்கி நடந்தாள்.