கிணற்றடி எஞ்சினும் ஆற்றுப் படகும்

சில ஆண்டுகளுக்கு முன்பு காவிரியை ஒரு விசைப்படகில் கடந்துகொண்டிருந்தோம். நடு ஆற்றில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. படகு நீரோட்டத்தின் போக்கில் மெல்லத் திரும்பத் தொடங்கியது. படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும்; பதறவில்லை. ஸ்பேனரை எடுத்து டீசல் பில்டரின் தலையிலிருந்த சிறு திருகைத் தளர்த்தினார். கீழேயிருந்த கைநெம்புகோலை நிதானமாக அழுத்தினார். நுரையும் குமிழியுமாக டீசல் கசிந்தது. குமிழிகள் அடங்கி, அறுபடாத இழையாக டீசல் வந்ததும் திருகை இறுக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார். எஞ்சின் உயிர்பெற்றது.

“காத்துப் புடிச்சுக்கிச்சுங்க” என்றார். இந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். “எங்க தோட்டத்துக் கெணத்துலதானுங்க.”

அந்த விடை நம்மோடு கரைக்கும் வந்தது, வீட்டுக்கும் வந்தது. ஒரு வகையில் கொங்கு நாட்டின் நூறாண்டு வரலாறே அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கொங்கு கடலறியாத நாடு. நாவாய், வங்கம், திமில், அம்பி, தோணி, புணை என்று கலங்களுக்கு இத்தனை பெயர் வைத்த தமிழில், இந்நிலத்துக்கு உரியதாக நாம் சுட்டக்கூடியது பரிசல் ஒன்றுதான். மூங்கிலைப் பின்னி, முற்காலத்தில் தோலும் பிற்காலத்தில் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி உருவாக்கப்பட்ட வட்டக்கூடை அது. முன்னும் பின்னும் இல்லாத அந்த வட்டத்தில் எஞ்சினைப் பொருத்துவது எளிதன்று. தள்ளினால் நேரே செல்லாமல் சுழலும். ஆகவே நீள்வடிவப் படகு வெளியிலிருந்து இங்கு வந்தது. எஞ்சினை அறிந்த கைகளோ கரையிலேயே காத்திருந்தன. அவற்றைப் பழக்கியது கிணறு.

நொய்யலும் பவானியும் அமராவதியும் ஓடினாலும், ஆற்றுப்பாசனம் எட்டாத மேட்டுநிலமே கொங்கில் மிகுதி. அங்கெல்லாம் கிணறுதான் வேளாண்மை. பாறையைப் பிளந்து இறங்கிய அக்கிணறுகளிலிருந்து கவலை பூட்டி இறைத்தார்கள். வடமும் சாலும் இரு எருதுகளும் வாரியில் ஏறி இறங்கும் மனிதனுமாக விடியுமுன்னே தொடங்கும் வேலை அது. நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் எருதின் உழைப்பும் மனிதனின் உழைப்பும் அத்தனை முறை கூடும்.

அந்தச் சுமையை இறக்கிவைக்க வந்தவையே ஆயில் எஞ்சினும் அதன்பின் மின்மோட்டாரும். ஊர்க் கிணற்றடியில் நின்ற எஞ்சின்களுள் பல, லிஸ்டர் வகையைச் சேர்ந்தவை. நிமிடத்துக்கு 600, 650 சுற்றுகளே சுற்றும் மெதுநடைக்காரர்கள். சில இறக்குமதியானவை, பல ராஜ்கோட் போன்ற ஊர்களில் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை. பட்டணத்து மெக்கானிக் வரும்வரை பயிர் காத்திருக்காது. எனவே உழவர்களே எஞ்சினின் மொழியைக் கற்றார்கள். கரும்புகை கக்கினால் சுமை மிகுந்தது, அல்லது காற்று குறைந்தது. நீலப்புகை வந்தால் உயவெண்ணெய் எரிகிறது. வெண்புகை எழுந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. பம்பின் அடிவால்வு கசிந்து நீர் நிற்கவில்லையென்றால், சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார்கள். அது கசிவை அடைத்து நீரைப் பிடித்துவைக்கும். எந்தப் பாடநூலும் இதை எழுதித் தரவில்லை.

இத்தகைய கல்விக்குக் கோவையில் ஒரு முன்னோடி உண்டு. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஊருக்கு வந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். கோவையில் உணவு விடுதிப் பரிமாறுபவராக உழைத்துச் சேர்த்த பணத்தில் அவ்வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பர். வாங்கியவர் ஓட்டிக் களித்ததோடு நிற்கவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒற்றைப் பேருந்துடன் தொழிலில் இறங்கினார். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவையை எட்டியது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினர். இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று அதனைச் சொல்வது வழக்கம். ஆலைகளுக்குப் பழுதுபார்க்கத் தோன்றிய பட்டறைகளும் வார்ப்பகங்களும் கிணற்றுக்கு மோட்டார் செய்யத் தொடங்க, கோவை பம்புசெட்டின் தலைநகராயிற்று.

அந்த மோட்டார் உழவனுக்கு எவ்வளவு உயிர்நிலையானது என்பதை 1970 காட்டியது. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். யூனிட்டுக்குச் சில பைசா என்பது வெளியாருக்குச் சிறு கணக்கு. கிணற்றை நம்பியவனுக்கு அது விளைச்சலின் கணக்கு. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஆயில் எஞ்சின்கள் கொட்டகை மூலையிலும் பழைய இரும்புக் கடையிலும் ஒதுங்கின. அவற்றோடு ஒதுங்காத கைகளில் சில ஆற்றுக்கு வந்தன.

சேலம் மாவட்டப் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்ட நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே, கதவணை தேக்கிய காவிரி நீரில் விசைப்படகுகள் செல்கின்றன. பராமரிப்புக்காக நீரை வடித்துவிட்டால் படகும் நின்றுவிடும். கிணற்றடி அறிவு இங்கே அப்படியே பொருந்திவிடுவதில்லை. கிணற்றடியில் எஞ்சின் சிமெண்டு மேடையில் அசையாது நிற்கும். படகின் உடலோ நெகிழும். எஞ்சினும் சுழல்தண்டும் ஒரே கோட்டில் அமையாவிடில் அதிர்வு மிகுந்து தாங்கிகள் தேயும். விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கும். கிணற்றில் சுமை மிகுந்ததைக் காட்டிய அதே புகைதான். படிக்கத் தெரிந்தவர் எஞ்சினைத் தொடாமல் விசிறியைப் பார்ப்பார்.

படகு கட்டும் கலையை எளியோர் கைக்குக் கொண்டுவரும் முயற்சி தமிழகத்தின் தென்கோடியில் நடந்தது. குமரி மாவட்ட முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் துணையோடு, பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே கடற்கரை மீனவர்க்கு ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளைக் கண்ணாடி இழையாலும் பிசினாலும் இணைக்கும் முறை அது. கயிற்றால் பலகை தைத்த சோழமண்டலக் கரை மசூலாப் படகின் தொலைவான உறவு என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது. அவ்வனுபவத்தை அவர் 1985இல் நூலாக எழுதினார். ‘சிறியது கடினம்’ என்பது அதன் தலைப்பின் பொருள். சிறு படகைச் செய்வதைக் காட்டிலும், செய்தவன் போன பின்னும் அது ஓடிக்கொண்டிருக்கச் செய்வதே கடினம் என்று நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம்.

கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர் நாம். நம் வகுப்பில் லேத் பட்டறைத் தொழிலாளரின் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். தந்தையின் தொழிலைக் கேட்டால் சிலர் தலைகுனிகிறார்கள். அப்போதெல்லாம் நாயுடுவின் ஒரு பிணக்கு நினைவுக்கு வரும். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழ முன்னின்றவர் அவர். பொறியியல் கல்விக்கு நெடிய ஆண்டுகள் தேவையில்லை, குறுகிய காலத்தில் கைப்பழக்கத்தோடு கற்பிக்கலாம் என்று வாதிட்டார், அரசு இசையவில்லை, அவர் விலகினார். அக்கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. எல்லா அறிவும் கழற்றிப் பூட்டுவதால் வந்துவிடாது. அந்த வாதத்தில் அரசின் பக்கமும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கழற்றிப் பூட்டத் தெரிந்தவரை அறிவாளி என்று அழைக்க நம் கல்வி இன்னும் தயங்குகிறது என்பதை மறுக்க முடியவில்லை.

அன்று கரையிறங்கும்போது படகோட்டியிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டோம். மகன் கணினி படித்துவிட்டு வெளியூரில் இருப்பதாகப் பெருமையோடு சொன்னார். இந்த வேலை அவருக்குத் தெரியுமா என்றோம். ஸ்பேனரைத் துணியில் துடைத்தபடி, “அவனுக்கு எதுக்குங்க இது?” என்றார். நம்மால் அவருக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.