கபடி வீரரின் உடற்தகுதியில் ஏரோபிக், அனரோபிக் பயிற்சிகளின் பங்கு

பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், கபடிக்கு மூச்சுதான் முதல் மூலதனம் என்று நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். பள்ளி, கல்லூரி அணிகள் பலவற்றில் காலைப் பயிற்சி மைதானத்தைச் சுற்றி ஓடுவதில் தொடங்கி, பெரும்பாலும் அதிலேயே கரைந்துவிடுகிறது. அந்த ஓட்டம் வீணன்று. ஆனால் பயிற்சியின் மையமாக அது இருக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்படிப் பாடிச் சென்று திரும்பும் ஒரு ரெய்டுக்கு 30 நொடி. அதற்குள் புள்ளியைத் தீர்மானிக்கும் செயல் சில நொடிகளே நீடிக்கிறது: காலை நீட்டித் தொடுவது, பிடியை உதறி நடுக்கோட்டுக்குப் பாய்வது, தடுப்பவர் கணுக்காலைப் பற்றி இழுப்பது. இவற்றுக்கான ஆற்றலைத் தசையில் சேமிக்கப்பட்ட ஏடிபியும் பாஸ்போகிரியேட்டினும், அடுத்து ஆக்சிஜன் இன்றிச் சிதையும் குளுக்கோசும் தருகின்றன. புள்ளி இந்த அனரோபிக் (ஆக்சிஜன் தேவைப்படாத) ஆற்றலால் கிடைக்கிறது. ஆனால் ஆட்டம் 40 நிமிடம். ஒவ்வொரு ரெய்டும் முழு நேரம் நீடித்தாலே இரு அணிக்கும் சேர்த்து 80 ரெய்டுகள் வரும். இடையில் பாஸ்போகிரியேட்டினை மீண்டும் உருவாக்க ஆக்சிஜன் வேண்டும். போக்டானிஸ் என்ற ஆய்வாளரின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், 30 நொடி முழுவேக சைக்கிள் மிதிப்பை நான்கு நிமிட ஓய்வுக்குப்பின் மீண்டும் செய்தபோது, ஏரோபிக் (ஆக்சிஜன் கொண்டு உருவாகும்) ஆற்றலின் பங்கு சுமார் 34 சதவீதத்திலிருந்து 49 சதவீதமாக உயர்ந்தது. முதல் பாய்ச்சலைவிட அடுத்தடுத்த பாய்ச்சல்களிலேயே ஏரோபிக் திறனின் தேவை கூடுகிறது.

அப்படியானால் நீண்ட ஓட்டமே அந்தத் திறனைத் தரட்டும் எனலாம். இதற்கு, ஜப்பானில் இசுமி தபாத்தா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு தக்க மறுமொழி. ஒரு குழு உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டின் 70 சதவீத அளவில் நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 6 வாரம் சைக்கிள் மிதித்தது. அதன் ஆக்சிஜன் பயன்பாடு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மில்லிலிட்டர் கூடியது. அனரோபிக் திறன் குறிப்பிடும்படி மாறவில்லை. மற்றக் குழு 20 நொடி கடும் மிதிப்பு, 10 நொடி ஓய்வு என ஏழெட்டுச் சுற்றுகள் இடைவெளிப் பயிற்சி செய்தது. அங்கே ஆக்சிஜன் பயன்பாடு 7 மில்லிலிட்டரும் அனரோபிக் திறன் 28 சதவீதமும் உயர்ந்தன. இதை அளவோடுதான் ஏற்க வேண்டும். இரண்டாம் குழுவின் தொடக்கநிலை தாழ்ந்திருந்தது. வாரத்தில் ஒரு நாள் அவர்களும் அரை மணி நேரம் மிதமாக மிதித்தார்கள். எனவே இடைவெளிப் பயிற்சி நீண்ட பயிற்சியை வென்றுவிட்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் இடைவெளிப் பயிற்சி இரு திறன்களையும் வளர்த்தது, மிதமான பயிற்சி ஒன்றை மட்டுமே வளர்த்தது என்ற அளவில் இதன் சான்று உறுதியானது.

நீண்ட ஓட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட 10 வார ஆய்வில், வலிமைப் பயிற்சியுடன் கடும் தாங்குதிறன் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களின் கால் வலிமை இறுதி வாரங்களில் வளர்ச்சி நின்று சரிந்தது. ஆக்சிஜன் பயன்பாடு பாதிக்கப்படவில்லை. தொடையைப் பிடித்து நிறுத்த வேண்டிய தடுப்பாட்டக்காரருக்கு இது சிறிய இழப்பன்று.

ஆட்டப் பருவத்துக்கு முந்தைய சில வாரங்களில் மிதமான ஓட்டத்தால் அடித்தளம் இட்டு, பின்னர் அதைக் குறைத்து, ரெய்டின் கால அளவை ஒட்டிய இடைவெளிப் பயிற்சியை முதன்மையாக்குவதே பொருத்தம். பாடிக்கொண்டே பாய்வதும் பிடிப்பதும் அதில் இடம்பெற வேண்டும். மேற்கண்ட ஆய்வுகள் எவையும் கபடிக் களத்தில் நடந்தவை அல்ல. அதனால் நம் வீரர்களை நாமே அளந்து பார்க்க வேண்டும்; அந்த அளவீடும் மாற வேண்டும். 12 நிமிட கூப்பர் ஓட்டம் தாங்குதிறனை மட்டுமே காட்டும். 35 மீட்டரை 10 நொடி இடைவெளியில் ஆறு முறை ஓடவிட்டால், வீரரின் வேகம் எந்த ஓட்டத்தில் சரிகிறது என்பது தெரியும். நம் உடற்கல்வித் துறைகளின் ஆய்வாளர்கள் இவ்விரு சோதனைகளையும் சேர்த்தே நடத்தி, தமிழகக் கபடி வீரர்களுக்கான அளவுகோல்களை உருவாக்க முன்வர வேண்டும்.