பருத்திக்கொட்டையும் சுலேகாவும்

நாகலாபுரம் கரிசல்காட்டில் பருத்திக்கொட்டை என்றால் ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்பது. மதுரைப் பக்கம் போனால் அதுவே பருத்திப்பால். கொட்டையை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற பூம்பஞ்சுக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. அதை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்து, கற்பூரம் சேர்த்து மெல்லிய தகடாக்கினால் அந்தக் காலத்துப் படச்சுருள். மௌனப்படம் ஓடியதெல்லாம் பஞ்சின் மேல்தான்.

கோவில்பட்டித் தீக்குச்சி தண்ணீர் பட்டால் அணைந்துவிடும். இந்த நைட்ரேட் சுருள் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாமல் தப்பினாலும் விதி விடாது. பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்து, ஒட்டி, பொடியாகும். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ தொடங்கித் தென்னாட்டு மௌனப்படங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன.

இந்தியாவில் எடுத்துத் தப்பிய மௌனப்படங்களில் இரண்டைச் சொல்கிறேன், இரண்டிலும் முக்கோணக் காதல். 1929இல் ஃபிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய ‘பிரபஞ்ச பாசம்’ ஒன்று. சுனிதா ஒருத்தி, அவளை விரும்பும் அரசர்கள் இருவர், நடுவில் கள்ளப் பகடை. சுனிதாவாக நடித்த சீதா தேவியின் சொந்தப் பெயர் ரெனீ ஸ்மித். யானை, குதிரை, ஆயிரக்கணக்கில் துணை நடிகர்கள் என்று ராஜஸ்தானில் திருவிழாவாக எடுத்த படம். ஜெர்மன், ஆங்கிலேயக் கூட்டு இருந்ததால் பிரதி லண்டன் காப்பகத்தில் பிழைத்துக் கிடந்தது. பின்னாளில் நிதின் சாஹ்னி அதற்குப் புது இசையும் போட்டார்.

மற்றது நமக்குப் பக்கத்துச் சங்கதி. நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’. 1891இல் வந்த சி. வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. காணாமல்போன அனந்தபத்மநாபனுக்காகக் காத்திருக்கிறாள் பாருக்குட்டி. அடிபட்டுக் கிடந்த அவனைத் தேற்றி, மனசையும் கொடுத்துவிட்டாள் சுலேகா. சுனிதா பந்தயப் பொருள். அவளை வைத்து ஆண்கள் ஆடுகிறார்கள். சுலேகாவை யாரும் சூதில் வைக்கவில்லை. தானே விரும்பினாள், தானே தோற்றாள். எனக்கு இவள்தான் பெரியவள். பேசாத படத்தில் சொல்லாத காதல் வேறு.

ஆனால் கதையின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயம் புத்தகக் கடையிடம் இருந்தது. வழக்கானது, படம் நின்றது, படப்பெட்டி புத்தகக் கடைக்காரர் கைக்குப் போனது. தயாரிப்பாளருக்கு அது சர்வநாசம். படத்துக்கோ அதுவே ஆயுள்: ஊர் ஊராக ஓடித் தேயவில்லை, வெள்ளிக்காக உருக்குகிறவன் கையில் சிக்கவில்லை. 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தின் பி. கே. நாயர் அதைத் தேடி எடுத்தார்.

நைட்ரேட் தயாரிப்பு 1950களின் தொடக்கத்தில் நின்றது. அடுத்து வந்த அசிடேட் சுருளுக்கும் மூலம் செல்லுலோஸ்தான். அது அப்படிப் பற்றி எரியாது. கெட்டுப்போனால் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறும்.