நாலுமூலைக் கேணியும் கெர்னல் டிரைவரும்

திருச்சியிலிருந்து துறையூர் போற ரோட்டுல சுமார் இருபது கிலோமீட்டர் போனா திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலைப் பத்தி ஏற்கனவே நிறைய பேர் பதிவு போட்டாச்சு, படமும் போட்டாச்சு. அதனால இந்தப் பதிவுல கோயிலுக்குள்ள போகல. கோயிலை ஒட்டி இருக்கற கிணத்துல ஆரம்பிச்சு, அங்கேருந்து நேரா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னலுக்குள்ள இறங்கப் போறோம். நீச்சல் தெரியாதவங்க பயப்பட வேண்டாம், படிக்கட்டு இருக்கு :-)

முதல்ல கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மனோட 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்ததாக அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. அதாவது கி.பி. 800-ஐ ஒட்டிய காலம். வெட்டியவர் ஆலம்பாக்கம் விசையநல்லூழானின் தம்பி கம்பன் அரையன். வைத்த பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. மாற்பிடுகு என்பது தந்திவர்மனின் பட்டப்பெயர். மேலிருந்து பார்த்தா ஸ்வஸ்திகா வடிவம். நாலு பக்கமும் படிக்கட்டு, ஒவ்வொண்ணும் ஒரு மடக்கு மடங்கி நடுவில் இருக்கிற தண்ணிக்கு இறங்கும். ஒரு துறையில குளிக்கிறவங்களை அடுத்த துறையில இருக்கறவங்க பார்க்க முடியாது. அதனாலதான் நாலுமூலைக் கேணி என்கிற பேரோட, மாமியார் மருமகள் கிணறுன்னும் ஊர்ல சொல்வாங்க. வீட்டுல எவ்வளவு சண்டைன்னாலும் ஒரே நேரத்துல ரெண்டு பேரும் தண்ணி எடுக்கலாம்!

பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு இது அப்படியே ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். உங்க கம்ப்யூட்டர்ல பிரவுசர் ஓடுது, பாட்டு ஓடுது, ஆபீஸ் ஆணி ஒரு பக்கம் ஓடுது. ஒண்ணோட மெமரியை இன்னொண்ணு எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி படித்துறை. பாட்டு மென்பொருள் படுத்துக்கிட்டா அது மட்டும்தான் படுக்கும், பிரவுசருக்கு ஒண்ணும் ஆகாது. இந்தச் சுவரை எழுப்பிக் காவல் காக்கறதுதான் கெர்னலோட வேலை.

ஆனா நடுவுல இருக்கிற தண்ணி? அது எல்லாருக்கும் பொது. அதுதான் கெர்னல். அந்தத் தண்ணிக்குள்ளேயே நின்னு வேலை பார்க்கறதுதான் டிரைவர். நெட்வொர்க் கார்டு, டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டு, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர். லினக்ஸிலும் சரி, விண்டோஸிலும் சரி, பெரும்பாலான முக்கிய டிரைவர்கள் கெர்னலோட முழு அதிகாரத்தோட ஓடுது. அதுக்குச் சுவர் கிடையாது. டிரைவர் ஒரு தப்பான முகவரியில எழுதினா மொத்தக் கிணறும் கலங்கும்.

இது சரிதானான்னு ஒரு பழைய சண்டையே உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது அது சுமார் 10,000 வரி. 1992 ஜனவரியில் மினிக்ஸ் எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், "டிரைவரையும் தனித்தனி சுவருக்குப் பின்னால வைக்கிற மைக்ரோகெர்னல்தான் எதிர்காலம், லினக்ஸ் வடிவமைப்பு காலாவதியானது" என்கிற ரீதியில் வாதிட்டார். டோர்வால்ட்ஸ் அப்போ மாணவர், வயசு 22. விட்டுக்கொடுக்கல. சுவர் எழுப்பினா பத்திரம், ஆனா சுவரைச் சுத்திப் போய்வர நேரமாகும்ங்கறது அவர் தரப்பு நியாயம். மார்க்கெட்டில் ஜெயிச்சது டோர்வால்ட்ஸ் வழி. இன்னிக்கு லினக்ஸ் 3 கோடி வரிகளைத் தாண்டிடுச்சு. அதுல பாதிக்கு மேல டிரைவர்.

விலை என்ன? 2001-ல் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சியாளர்கள் லினக்ஸின் ஏழு வருஷ வெளியீடுகளைத் தானியங்கிக் கருவியால் சலிச்சுப் பார்த்தாங்க. சில வகைப் பிழைகள் டிரைவர்கள்ல மற்ற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு அதிகம்! காரணம் புரிஞ்சுக்கறது கஷ்டமில்ல. ஷெட்யூலர் எல்லார் கம்ப்யூட்டர்லயும் ஓடுது, தப்பு இருந்தா நாளைக்கே தெரிஞ்சிடும். ஒரு மூலையில கிடக்கிற ஒரு கார்டோட டிரைவரைப் பத்துப் பேர்தான் ஓட்டிப் பார்த்திருப்பாங்க. ரிவ்யூ பண்றவர் கையில அந்தக் கார்டே இருக்காது. கண்ணால படிச்சு மட்டும்தான் தப்பைக் கண்டுபிடிக்கணும்.

அப்படிப் படிக்கும்போது எதைத் தேடுவாங்க? கதை மாதிரி மேலேருந்து கீழ படிச்சா ஒண்ணும் கிடைக்காது. சில கேள்விகளைக் கையில வெச்சுக்கிட்டுதான் படிக்கணும். மெமரி கேட்டு, கிடைக்கலைன்னா என்ன பண்ணுது? பாதி வழியில தோத்துப்போனா அதுவரை வாங்கினதை எல்லாம் வாங்கின வரிசைக்குத் தலைகீழா திருப்பிக் கொடுக்குதா? இன்டரப்ட் வரும்போது தூங்கக்கூடிய எதையாவது கூப்பிடுதா? பூட்டைப் போட்டுட்டுத் திறக்காமலே வெளியேற ஏதாவது வழி இருக்கா? வெளியிலிருந்து வர்ற ஒரு எண்ணை, எல்லைக்குள்ள இருக்கான்னு பார்க்காமலே அட்டவணைக்குள்ள எட்டிப் பார்க்குதா? நல்லா ஓடுற பாதையை எழுதினவரே பலமுறை ஓட்டிப் பார்த்திருப்பார். தப்பு ஒளிஞ்சிருக்கிறது யாரும் நடக்காத பாதையில. கடைசியா சொன்ன எல்லைக் கேள்வியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அதுக்குத் திரும்பி வருவோம்.

அதுக்கு முன்னால 2008 செப்டம்பர். லினக்ஸ் 2.6.27 வெளிவரப் போகுது. சோதனைப் பதிப்பை ஓட்டினவங்க சிலரோட இன்டெல் நெட்வொர்க் கார்டு செத்துப்போச்சு. ரீபூட் பண்ணினா சரியாகிற சாவு இல்ல. கார்டுக்குள்ள இருக்கிற நிரந்தர நினைவகமே அழிஞ்சிடுச்சு. எல்லாருடைய விரலும் ஈ1000ஈ டிரைவரை நோக்கி நீண்டது. வரி வரியாப் படிச்சாங்க. கடைசியில அக்டோபர்ல பிடிபட்டது வேற ஆளு. ஃப்டிரேஸ்னு ஒரு கண்காணிப்பு வசதி, ஏற்கனவே விடுவிக்கப்பட்ட ஒரு மெமரி இடத்தை இன்னும் தன்னோடதுன்னு நினைச்சு அங்க எழுதப் போயிருக்கு. அந்த முகவரிக்கு இப்போ குடிவந்திருந்தது கார்டோட நினைவகம். பாதிக்கப்பட்ட வீட்டைச் சோதிச்சா போதுமா? திருடன் வேற தெருவுல இருக்கானே. சுவர் இல்லாத கிணத்துல இதுதான் சிக்கல். தனித்தனியாப் படிச்சா ரெண்டு கோடும் ஒழுங்காத்தான் தெரியும்.

சரி, இவ்வளவு நம்பிக்கையில ஓடுற இடத்துல யார் பொறுப்பு? 2003-ல் எஸ்சிஓ நிறுவனம், லினக்ஸில் தங்கள் கோடு கலந்திருக்குன்னு சொல்லி ஐபிஎம் மேல வழக்குப் போட்டது. ஒவ்வொரு வரியும் யார் கை வழியா வந்ததுன்னு காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. 2004-ல் டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்தார். ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் "சைன்ட் ஆஃப் பை" என்று எழுதினவர் பேர் போடணும். அதை வாங்கி மேல அனுப்புறவரும் தன் பேரைப் போடணும். அப்புறம் வாங்குறவரும் போடணும். படிச்சுப் பார்த்தவருக்கு "ரிவ்யூட் பை" என்று தனி வரி.

இதைப் பார்த்ததும் கல்வெட்டு படிக்கிற நண்பர்களுக்குச் சிரிப்பு வரும். சோழர் காலத்து ஆவணங்களோட கடைசிப் பகுதியைப் பாருங்க. அரசன் வாயால சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவார். திருமந்திர ஓலைநாயகம் அதைப் பார்த்து ஒப்புவார். புரவுவரித் திணைக்களத்தார் கணக்கில் ஏற்றுவார்கள். வரிசையா ஆளாளுக்கு "இவை என் எழுத்து" என்று முடிப்பார்கள். ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரை நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்குக் கொடுத்த ஆணையை அவர் மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்ட வைத்தார். 21 ஏடுகள் கொண்ட அந்தத் தொகுதியில் அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலே நீளமா ஓடும். இதெல்லாம் அதிகாரிகளோட அலங்காரம்னு நினைச்சுடாதீங்க. நாளைக்கு எல்லைத் தகராறு வந்தா யாரைக் கேட்கணும்ங்கறதுக்கான ஏற்பாடு அது.

ஆனா கையெழுத்து நம்பிக்கையைக் காட்டும், உண்மைக்கு உத்தரவாதம் தராது. கெர்னல் ஆவணத்திலேயே "ரிவ்யூட் பை" போட்டவர் இது சரின்னு நம்புகிறார், உத்தரவாதம் தரவில்லை என்றுதான் எழுதியிருக்கு. 2020-ல் இந்த இடைவெளியை மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு நோண்டிப் பார்த்தது. வேணும்னே ஓட்டை வெச்ச திருத்தங்களை அனுப்பினா ரிவ்யூவில் பிடிபடுமான்னு சோதிச்சிருந்தாங்க. 2021 ஏப்ரலில் பராமரிப்பாளர் கிரெக் குரோவா ஹார்ட்மேன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதையும் ஏற்க மாட்டோம்னு அறிவிச்சார். அதோட முடியல. அங்கேருந்து வருஷக்கணக்கா வந்திருந்த 435 திருத்தங்களையும் தன்னார்வலர்கள் மறுபடி உட்கார்ந்து படிச்சாங்க. 349 சரியாகவே இருந்தது. திருத்த வேண்டியிருந்தவை 39. ஓட்டை நுழையுமான்னு ஒரு சோதனை, அதுக்கு யாரோ எத்தனை ராத்திரி கண்விழிச்சிருப்பாங்க! சோதனை பண்ணினவங்க கணக்குல இந்தச் செலவு வரல என்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரப்படி காலை 9:39. கிரவுட்ஸ்டிரைக் என்கிற பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. அவங்க டிரைவர் கெர்னலுக்குள்ள ஓடுறது. கோப்பைப் படிச்ச கணினிகள் நீலத்திரை காட்டிப் படுத்துக்கிச்சு. 78 நிமிஷத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதுக்குள்ள சுமார் 85 லட்சம் கணினிகள் காலி. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்கள்ல விமானங்கள் தாமதம், ரத்து. கையால எழுதின போர்டிங் பாஸ் படத்தை அன்னிக்கு நீங்களும் பார்த்திருப்பீங்க. திரும்பப் பெற்றது ஏற்கனவே விழுந்த கணினிகளுக்கு உதவல. பலவற்றை ஒவ்வொண்ணா, பக்கத்துல உட்கார்ந்து, சேஃப் மோடில் போய், அந்தக் கோப்பை அழிச்சாங்க.

காரணம்? அந்த நிறுவனமே ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கு. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. டிரைவர் கோடு கொடுத்தது 20. இல்லாத 21-ஆவதை எட்டிப் படிக்கப் போய்த்தான் விழுந்தது. மேலே ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, எல்லைச் சரிபார்ப்பு, அதேதான். முன்னாடி வந்த கோப்புகள் 21-ஆவது இடத்தில் "எதுவானாலும் சரி" என்று இருந்ததால், அந்த இடத்தை உண்மையில் யாரும் தொட்டதே இல்லை. யாரும் நடக்காத பாதை!

இதில் கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. டிரைவர் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் வாங்கியது. கையெழுத்து சரியாத்தான் இருந்தது. ஆனா சான்றிதழுக்கு அப்புறம் வந்த அந்தக் கோப்பு "கோடு இல்லை, வெறும் தரவு" என்கிற கணக்கில் வந்தது. தரவைச் சோதிக்கும் மென்பொருளிலும் பிழை. எல்லா கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் போனது. கெர்னலுக்குள்ள நிக்கிற டிரைவரோட நடத்தையை மாத்துற எதுவும் வெறும் தரவு இல்ல. அதுவும் படிக்கப்பட வேண்டியதுதான். என் வரைக்கும் இந்த வரலாற்றோட பாடம் இதுதான்.

அப்புறம் சுவர் எழுப்புற வேலை மறுபடி சூடு பிடிச்சிருக்கு. 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், பாதுகாப்பு மென்பொருள்களை கெர்னலுக்கு வெளியே ஓட்ட வழி செய்யப் போவதாக அறிவித்தது. லினக்ஸில் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழிக்கு இடம் கிடைச்சிருக்கு. எல்லை தாண்டிப் படிக்கிற பிழைகள்ல பெரும்பகுதியை மொழியே தடுத்துடும். 1992-ல் டானன்பாம் சொன்னதுல பாதி முப்பது வருஷம் கழிச்சுச் செல்லுபடியாகுது. ஆனா எந்தச் சுவரும் ஆள் பார்க்கற வேலையை ஒழிக்காது. டிரைவரே சொல்ற வேலையைத் தப்பாப் புரிஞ்சிருந்தா எந்த மொழி காப்பாத்தும்?

லினக்ஸ் கெர்னலோட கூடவே ஒரு கோப்பு வரும். பேரு மெயின்டெய்னர்ஸ். எந்தப் பகுதியை யார் பார்த்துக்கறாங்கன்னு பட்டியல். ஒவ்வொண்ணுக்கும் நிலைமை குறிச்சிருக்கும். சிலதுக்கு எதிரே "ஆர்ஃபன்", அதாவது அநாதைன்னு எழுதியிருக்கும். கோடு அப்படியே இருக்கு, கணினிகள்ல ஓடுது, பார்த்துக்க மட்டும் ஆள் இல்ல.

திருவெள்ளறைக் கிணத்துக் கல்வெட்டு அந்த நிலைமைக்கு இடம் வைக்கல. வெட்டியவன் பேர், தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, கிணற்றின் பேர் எல்லாம் சொல்லிவிட்டு, இதைக் காப்பவர்கள் இவ்வூர் மூவாயிரத்து எழுநூற்றுவர் என்றும் பதிந்திருக்கிறது. கம்பன் அரையன் வெட்டிட்டுப் போயிடுவான், பார்த்துக்க வேண்டியது ஊர் என்பது அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சும் நாலு படிக்கட்டும் நிக்குது.

டிஸ்கி: திருவெள்ளறை பக்கம் போறவங்க கோயிலோட திரும்பிடாம கிணத்தையும் பாருங்க. பொட்டி தட்டுற மக்கள், அடுத்த தடவை யாராவது "சின்ன சேஞ்ச்தான், பார்க்காம ஓகே பண்ணிடு"ன்னு சொன்னா அந்த 21-ஆவது உள்ளீட்டை நினைச்சுக்கோங்க :-) உங்க ஊர்க் கிணறு, ஏரிக் கல்வெட்டுகள்ல காக்கிறவங்க பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தொகுத்து வைப்போம்.