வனவாசி என்னும் சொல்

'வனம்' என்றால் காடு, 'வாசி' என்றால் வசிப்பவர். காட்டில் வசிப்பவரே வனவாசி. வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு இணையான சொல் தமிழில் முன்பே இருந்தது. சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நில மக்களுக்குக் 'கானவர்' என்று ஒரு பெயர் உண்டு. கான் என்பதும் காடுதான்.

ஆனால் வனவாசம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இராமனின் 14 ஆண்டுகளும் பாண்டவரின் 12 ஆண்டுகளும்தான். நாட்டை இழந்தவர் காட்டுக்குப் போய்த் திரும்புவதே அங்கு வனவாசம். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கோ அது தண்டனை அல்ல, சொந்த ஊர்.

இருபதாம் நூற்றாண்டில் 'ஆதிவாசி' என்ற சொல் பரவியது. தொடக்க காலம் முதலே வாழ்பவர் என்பது இதன் பொருள். 1938ல் சோட்டா நாக்பூர் பகுதியில் ஆதிவாசி மகாசபை உருவானது. 1939ல் அதன் தலைவரானவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவரும் இவரே.

பின்னர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரான ஜெய்பால் சிங், இந்தி மொழிபெயர்ப்பில் 'ஆதிவாசி'க்குப் பதிலாகக் காட்டுச் சாதி எனப் பொருள்படும் 'பன்ஜாதி' வந்ததை எதிர்த்தார். பழங்குடியினரில் பெரும்பாலோர் காட்டில் வசிக்கவில்லை என்பது அவரது வாதம்.

இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். 'ஆதிவாசி' காலத்தைச் சொல்கிறது, 'வனவாசி' இடத்தைச் சொல்கிறது. காட்டை விட்டு வெளியேற்றப்பட்டாலும் ஒருவர் ஆதிவாசியே. ஆனால் அவர் வனவாசி அல்ல.

1950ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இவ்விரு சொற்களையும் விட்டுப் பட்டியல் பழங்குடியினர் என்ற பெயரை ஏற்றது. ஆயினும் 1952ல் ஜஷ்பூரில் தொடங்கப்பட்ட வனவாசி கல்யாண் ஆசிரமம் போன்ற அமைப்புகள் வழியாக 'வனவாசி' வழக்கில் நீடித்தது. எது சரியான பெயர் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

2006ல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினரோடு 'பிற பாரம்பரிய வனவாசிகள்' என்ற பிரிவையும் சேர்த்தது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்களோ அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டா இல்லாத குடும்பத்துக்கு இது எளிதல்ல.

ஆகவே பெயர் என்பது வெறும் அழைப்பு அல்ல. ஒருவர் எந்தச் சொல்லால் குறிக்கப்படுகிறார் என்பதே, தன் நிலத்துக்காக அவர் எதை நிரூபிக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது.