தச்சருக்கும் பங்கு உண்டு

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முப்பந்தல் வந்ததும் சாலையின் இரு பக்கமும் ராட்சத விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே ஆரம்ப காலத்தில் காற்றாலை வைக்க உதவிய நாடு டென்மார்க். மொத்த ஜனத்தொகை அப்போது சுமார் 50 லட்சம்தான். அந்தக் குட்டி தேசத்துக்கு இந்த வித்தை எப்படிக் கைவந்தது?

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கிப் பிடிக்க, உலகமே ஆடிப்போனது. டென்மார்க்குக்கு இன்னும் மோசம். தேவையான எரிசக்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய்! ஞாயிற்றுக்கிழமையில் கார் ஓட்டவே தடை போட்டார்கள்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே என்று அமெரிக்காவும் ஜெர்மனியும்கூட யோசித்தன. கஜானாவைத் திறந்தன. ஆனால், பணம் போனது யாரிடம்? அமெரிக்காவில் நாஸா மேற்பார்வையில் போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக். ஜெர்மனியில் மான் கம்பெனி. 'விமானமே செய்கிறவனுக்கு விசிறி செய்யத் தெரியாதா?' என்ற நினைப்பு! ஜெர்மானியர்கள் 1983-ல் 'க்ரோவியன்' என்ற 3 மெகாவாட் பூதத்தை நிறுத்தினார்கள். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 100 மீட்டர். சில வருஷங்களில் அது ஓடியது மொத்தமே சுமார் 420 மணி நேரம். 1988-ல் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

டென்மார்க்கில் அப்போது கிறிஸ்டியன் ரீசாகர் என்றொரு தச்சர் இருந்தார். லாரி உதிரி பாகங்களையெல்லாம் போட்டு வீட்டிலேயே ஒரு காற்றாலையைச் செய்து, மின்வாரியக் கம்பியோடு இணைத்துவிட்டார். வெறும் 22 கிலோவாட். ஆனால், ஓடியது! ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும், யோர்கென்சன் என்ற கொல்லரும் சேர்ந்து இன்னொன்று செய்தார்கள். அந்த டிசைனைத்தான் 1979-ல் வெஸ்டாஸ் கம்பெனி வாங்கியது. அதற்கு முன் வெஸ்டாஸ் கிரேன், விவசாயக் கருவிகள் போன்றவற்றைத்தான் விற்றுக்கொண்டிருந்தது.

அதே 1979-ல் டென்மார்க் அரசு ஒரு காரியம் செய்தது. காற்றாலை வாங்குகிறவருக்கு விலையில் 30 சதவீதம் மானியம்! கவனியுங்கள்... செய்கிறவருக்கு அல்ல, வாங்குகிறவருக்கு. தச்சர் யாருக்கும் நூறு பக்க விண்ணப்பம் எழுத வேண்டாம். பட்டம், கம்பெனி, சிபாரிசு எதுவும் வேண்டாம். ரீசோ ஆராய்ச்சி நிலையம் பரிசோதித்து 'சரி' என்று சொன்னால் போதும். (அணுசக்திக்காகக் கட்டிய இடம் அது!) அங்கிருந்த இன்ஜினீயர்கள், 'ஒரு பிரேக் போதாது, தனித்தனியா ரெண்டு வை' என்று கொல்லர்களுக்குப் பாடமும் எடுத்தார்கள்.

டென்மார்க்கும் பெரிசுக்கு ஆசைப்படாமல் இல்லை. நிபே என்ற ஊரில் அரசுப் பணத்தில் இரண்டு பெரிய காற்றாலைகள் எழுந்தன. சந்தையைப் பிடித்தவை என்னவோ சின்னவைதான்.

மீதி 70 சதவீதம்? அங்கேதான் இடித்தது. நிலமும் கையில் காசும் உள்ள விவசாயி வாங்கிவிடலாம். மற்றவர்கள்? அக்கம்பக்கத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பங்கு போட்டார்கள். 1990-களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் காற்றாலைப் பங்கு இருந்தது. ஆனாலும், இந்தக் கதையில் பெயர் சொல்லி வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். கதவு பாதிதான் திறந்தது.

1989-ல் மானியத்தை நிறுத்தினார்கள். அதற்குள் தொழில் காலூன்றிவிட்டது.

க்ரோவியன் என்ன ஆச்சு என்கிறீர்களா? அது நின்ற கைசர்-வில்ஹெல்ம்-கோக் கிராமத்திலேயே 1987-ல் ஜெர்மனியின் முதல் காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. அங்கே சுற்றியவை எல்லாம் சின்னச் சின்ன விசிறிகள்.